கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

எனக்கு வந்தது அடைப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கள்ளிக்குப்பத்தில் நெஞ்சுக் கோளாறு என்றாலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "எத்தினி அடைப்பு?" ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலைக் காட்டினால்தான் அவர்களுக்குத் திருப்தி. எனக்குக் காட்ட ஒரு விரலும் இல்லை. "அடைப்பு இல்லாம இன்னாத்துக்குக்கா இத்தினி நாளு ஆஸ்பத்திரில படுத்துகினு கீறே?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகவும், என்னைப் போல அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைத் தின்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். நேரமாகும். ஆகட்டும், எனக்கு இப்போது அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

என் பெயர் பவுனம்மாள். வயது அறுபத்தாறோ ஏழோ. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங்கில் இருந்தேன். நான் சரி என்று தள்ளிவிட்ட போல்ட் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டது கிடையாது. கொரோனாவில் தெருவே முடங்கிக் கிடந்தபோது எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. "உனுக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்திமா" என்பான் என் மகன் சேகர். நானும் அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன்.

பொங்கல் கழிந்து ஒரு சளி பிடித்தது. பத்து நாளில் போய்விட்டது. சளி போன பிறகுதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடியில் துணி உலர்த்தப் போனால் பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வேன். மல்லாந்து படுத்தால் தண்ணீரில் முங்கினது போல இருக்கும். மருந்துக் கடையில் கேட்டேன், கேஸ் என்று மாத்திரை கொடுத்தான். நானும் கேஸ்தான் என்று இருந்துவிட்டேன்.

கண்டுபிடித்தது என் மருமகள் செல்வி. அரக்கோணம் பக்கத்துப் பெண். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது என் காலைப் பார்த்து நின்றாள். குனிந்து கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்தின இடம் பள்ளமாகவே நின்றது.

"அத்தே, இது கேஸ் இல்ல. கெளம்பு."

"நீ வேலைக்குப் போ. ஒரு நாள் சம்பளம் பூடும்."

"பூட்டும். பொடவைய மாத்து."

அம்பத்தூரில் ஒரு டாக்டர் ஈசிஜி எடுத்தார். பேப்பரைப் பார்த்தவர் எங்களை வெளியே உட்காரவும் சொல்லவில்லை, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மணிக்கட்டில் ஊசி போட்டு, அது வழியாக இதயம் வரைக்கும் ஒரு குழாயை விட்டுப் பார்த்தார்கள். ஆஞ்சியோ என்கிறார்கள். அடைப்பு எதுவும் இல்லை என்று வந்தது. சேகர் அன்றைக்கே சிஸ்டர்களுக்கெல்லாம் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டான். நானும் ஒரு துண்டு தின்றேன். அடைப்பு இல்லை என்றால் நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றுதானே நாம் நினைக்கிறோம்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும், கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வேகமாக நடப்பார். மைசூர்பாகு பெட்டியைப் பார்த்தார். எடுத்துக்கொள்ளவில்லை.

"ரத்தக் குழாய் நல்லா இருக்கும்மா. தசைதான் நல்லா இல்ல. ஒரு நல்ல இதயம் ஒரு தடவை சுருங்கினா உள்ள இருக்குற ரத்தத்துல பாதிக்கு மேல வெளிய தள்ளும். உங்களுது கால் பங்குதான் தள்ளுது."

அதற்குப் பிறகு எத்தனை டெஸ்ட். ஸ்கேன் என்று ஒரு குழலுக்குள் படுக்கவைத்தார்கள். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் தலையை விட்டது போல ஒரே இடி. கடைசியில் கழுத்து நரம்பு வழியாக ஒரு சின்ன இடுக்கியை உள்ளே விட்டு இதயத் தசையிலிருந்து கடுகு கடுகாகக் கிள்ளி எடுத்தார்கள். மயக்க மருந்து கழுத்துக்கு மட்டும்தான். ஒவ்வொரு கிள்ளுக்கும் நெஞ்சு ஒரு தடவை தப்பித் துடித்தது. அதை வலி என்று சொல்ல முடியாது. யாரோ உள்ளே கைவிட்டு நம் சாமானைத் தொடுவது போல இருந்தது.

அந்த ரிசல்ட் வர ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க செல்வி வேலைக்குப் போகவில்லை. ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவருவாள். தலை வாரிவிடுவாள். அடுத்த கட்டில்காரியிடம், "எங்க அத்தைக்கு முடி பாருங்க, இந்த வயசுல என்னோடத விட அடர்த்தி" என்பாள். காசு விஷயம் ஒன்றையும் சேகர் என் காதில் போடவில்லை. காப்பீட்டு அட்டை பாதிக்குத்தான் தாங்கியது என்பது, அவன் வண்டி இல்லாமல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது நானாகப் புரிந்துகொண்டது.

ரிசல்ட்டை டாக்டரம்மா தன் போனில் படமாகவே காட்டினார். ரோஸ் கலரில் நூல் நூலாக இருந்தது என் இதயத் தசையாம். நடுவில் ஊதாப் புள்ளிகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"இது கிருமியா?" என்றான் சேகர்.

"கிருமி இல்ல. இவங்களோட சொந்தச் செல்தான். ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கு, அதுல டி செல்னு ஒரு வகை. உடம்புக்குள்ள எது நம்மளது, எது வெளியாள்னு பாக்குறதுதான் அதுக்கு வேலை. சளிக் கிருமிய அடிக்கக் கெளம்புச்சு. கிருமி போயிடுச்சு. இது நிக்கல. இதயத் தசையவே வெளியாள்னு நெனச்சு அடிக்குது. தானும் அடிச்சு, மத்த வெள்ளை அணுவையும் கூப்பிட்டு விடுது. அதுங்க வந்து தின்னுது. மயோகார்டைட்டிஸ்னு சொல்லுவோம். இதயத் தசை வீக்கம்."

எனக்குப் புரிந்தது. சேகரை விட எனக்குத்தான் நன்றாகப் புரிந்தது. "வளையம் தேஞ்சிப் பூட்ச்சு" என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சொன்னேன். போல்ட்டின் மரையைப் பார்க்க இரண்டு வளையம் வைத்திருப்போம். ஒன்றில் போல்ட் போக வேண்டும். இன்னொன்றில் போகக் கூடாது. போகக் கூடாத வளையம் தேய்ந்து அகலமானால், நல்ல போல்ட்டும் அதில் போய்விடும். உடனே அதைக் கழித்த சரக்கு போடுகிற சிவப்புத் தொட்டியில் போடுவோம். கை ஒழுங்காக வேலை செய்யும், கண் ஒழுங்காகப் பார்க்கும், ஆனால் தொட்டி நிறைய நல்ல சரக்காகக் கிடக்கும். வளையத்தை மாற்றுகிற வரைக்கும் நிற்காது.

"கரெக்ட்" என்றார் டாக்டரம்மா. "ஆனா இந்த வளையத்த மாத்த முடியாது. லைன நிறுத்தத்தான் முடியும். உங்க எதிர்ப்பு சக்திய அடக்கி வைக்கப் போறோம்."

அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த சரக்கே அதுதான்.

ஸ்டீராய்டு என்று சின்ன வெள்ளை மாத்திரை. கூடவே இன்னொன்று மஞ்சள். டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து மூன்று விஷயம் சொன்னார். கூட்டத்தில் போகாதே. கொதிக்கவைக்காத தண்ணீர் குடிக்காதே. எது ஆனாலும் மாத்திரையை நீயாக நிறுத்தாதே. "நம்ம உடம்பே கொஞ்சம் ஸ்டீராய்டு சுரக்கும். வெளியிலேருந்து குடுத்தா அது வேலைய விட்டுடும். நீங்க டக்குனு நிறுத்துனா ரெண்டும் இருக்காது. திடீர்னு ஒரு நாள் விழுந்துடுவீங்க." செல்வி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

செல்வி வேலையை விட்டாள். தினமும் காலை இட்லிக்குப் பிறகு உள்ளங்கையில் மாத்திரை, கையில் டம்ளர். ஒரு நாள் தவறியதில்லை. சித்திரையில் எக்கோ என்று நெஞ்சு ஸ்கேன் எடுத்தபோது கால் பங்கு என்பது நூற்றுக்கு நாற்பதாக ஏறியிருந்தது. கால் வற்றிவிட்டது. மாடிக்குப் போய் வந்தேன்.

ஆனால் முகம் ஊத ஆரம்பித்தது. கன்னம் உப்பி, கண் உள்ளே போய், தாடையில் பூனை முடி முளைத்தது. பிடரியில் சதை திரண்டது. வெள்ளை மாத்திரையின் வேலை அது, அளவு குறையும்போது போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தார். எதிர் வீட்டு குப்பம்மா விடுவாளா? "இன்னாக்கா, மருமவ நல்லாத்தான் போட்டு வளக்கிறா. மூஞ்சி பூரி மாரி எழும்பிகினு கீது." தெருக் குழாயில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

ஆடி வரப்போகிற சமயம். எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் அண்டாவில் துடுப்புப் போடுவது நான்தான். முப்பது வருஷமாக அது என் கை. இந்த முகத்தோடு அங்கே நிற்க எனக்கு மனது வரவில்லை. குப்பம்மாவுக்கு விட்டுக்கொடுக்கவும் வரவில்லை. கூட்டத்தில் போகாதே என்றது தெரியும். நிறுத்தாதே என்றதும் தெரியும். மூச்சுதான் சரியாகிவிட்டதே, மூன்று வாரம் விட்டால் முகம் வற்றிவிடும், கூழ் ஊற்றி முடித்துத் திரும்பவும் தின்றுகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஐம்பது வருஷம் வெற்றிலை போட்டவள் நான். ஆஸ்பத்திரியில்தான் விட்டேன். புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சூப்பர்வைசரிடம் நின்று பேசுவேன், அவருக்குத் தெரியாது. மாத்திரை எம்மாத்திரம். வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தொண்டை ஏறி இறங்குவதை செல்வி பார்க்கும்படி காட்டி, "ம்" என்பேன். மஞ்சளை முழுங்கிவிடுவேன், வெள்ளை மட்டும் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கும். அது கசப்பு. வெள்ளை மாத்திரை கரைந்தால் அப்படி ஒரு கசப்பு. முகத்தைச் சுளிக்காமல் பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல் ஓரமாகத் துப்பித் தண்ணீர் ஊற்றுவேன். செல்வி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

ஒரு வாரம் போனது. உடம்பு அடித்துப் போட்டது போல ஆனது. எழுந்தால் தலை சுற்றும், சோறு இறங்காது. "அத்தே, ஒரு மாதிரி கீறியே, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று செல்வி இரண்டு தடவை கேட்டாள். "வெயிலு" என்றேன். முகம் உண்மையாகவே கொஞ்சம் வற்றியது. அது போதுமாக இருந்தது எனக்கு.

கூழ் ஞாயிற்றுக்கிழமை, செல்வி வேண்டாம் என்று கதவருகில் நின்று தடுத்ததையும் மீறிப் போனேன். சேகர்கூட அவளிடம், "வுடு, சும்மா தொட்டுட்டு வந்துடும்" என்றான். மஞ்சள் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். துடுப்பைப் பிடித்து இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் கை நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்க உதறியது. கண்ணில் கூட்டம் வெளுத்துப்போனது. விழுந்தேன்.

எனக்கு நினைவு முழுசாகப் போகவில்லை. அதுதான் கொடுமை. காதில் எல்லாம் விழுந்தது.

"ஆத்தா வந்துட்டா. பவுனக்கா மேல ஆத்தா வந்துட்டா."

பம்பைக்காரர்கள் இன்னும் கிட்டே வந்து அடித்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். யாரோ வேப்பிலையால் முகத்தில் அடித்தார்கள். குப்பம்மா என் காலைத் தொட்டு, "தாயே, எம் பையனுக்கு எப்ப கல்யாணம் ஆவும், சொல்லு தாயே" என்று கேட்டாள். நான் மூச்சுக்காக வாயைத் திறந்தேன். அருள்வாக்கு வருகிறது என்று எல்லோரும் அமைதியானார்கள். ஒரு சொல்லும் வரவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தி நாக்கில் வைக்கக் கொண்டுவந்தார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு செல்வி வந்தாள். கற்பூரத்தைத் தட்டிவிட்டாள். "சாமி இல்ல. ஒதடு நீலமா பூட்ச்சு, தெர்ல? தள்ளுங்க." சாமியைத் தள்ளுகிறாள் என்று ஒருத்தி அவள் முடியைப் பிடித்து இழுத்தாள். அவள் விடவில்லை. என் அக்குளில் கையைக் கொடுத்து, ஆட்டோ வரைக்கும் இழுத்துக்கொண்டுதான் போனாள்.

ஐசியூவில் மூக்கில் காற்று, கழுத்தில் மருந்து. நாற்பதாக ஏறியது பதினைந்தாகியிருந்தது. டாக்டரம்மா திரைக்கு அந்தப் பக்கம் நின்று சேகரிடம் சொன்னார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் இப்படி ஆகுதுன்னா, வியாதி ஸ்டீராய்டுக்கு அடங்கலைன்னு அர்த்தம். ஒழுங்காதானே குடுத்தீங்க?"

டாக்டரம்மா போன பிறகு சேகர் செல்வியிடம் கேட்டான். "குடுத்தியா இல்லியா?"

"தெனம் குடுத்தேன். எம் முன்னாடிதான் முழுங்குச்சு."

"பின்ன எப்டி இப்டி ஆவும்? போன்ல படம் பாத்துகினு மறந்துட்டே. எங்கம்மாவ சாகடிக்கிறதுக்கா வேலைய வுட்டுட்டு ஊட்ல குந்திகினு கீறே?"

அதற்குப் பிறகு ஒரு அறை விழுந்த சத்தம். சிஸ்டர் ஓடிவந்து, "வெளிய போங்க சார்" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செத்துப்போனால் யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்றுகூட நினைத்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. மறுநாள் செல்வி வந்து என் உதட்டில் பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தாள். அவள் இடது கன்னம் தடித்திருந்தது. "ஒண்ணியும் ஆவாது அத்தே" என்றாள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா ஒரு பேப்பரோடு வந்தார். சேகரும் செல்வியும் கட்டில் பக்கத்தில் நின்றார்கள். என்னிடமே பேசினார்.

"இனிமே மாத்திரை பத்தாதும்மா. அந்த டி செல்லையே மொத்தமா அழிக்கிற ஊசி போடலாம்னு இருக்கோம். அதப் போட்டா கொஞ்ச நாளைக்கு உங்களுக்கு எந்தக் கிருமியையும் எதுக்க ஆள் இருக்காது. இந்த வயசுல ஒரு நிமோனியா வந்தா தாங்குறது கஷ்டம். மறைக்கல, சொல்லிட்டேன். ஆனா ஸ்டீராய்டு தோத்துப் போச்சு, வேற வழி இல்ல. கையெழுத்து வேணும்."

சேகர் பேனாவை என் விரலில் வைத்தான். எனக்கு அப்போது பயம் வந்தது. ஸ்டீராய்டு தோற்கவில்லை. அது என் வயிற்றுக்கே போகவில்லை. தினமும் "ம்" என்று நான் தப்பாகச் சொன்ன ரிப்போர்ட்டை வைத்து இவர்கள் சரியான வேலை செய்யப் போகிறார்கள்.

பேனாவைக் கீழே விட்டேன்.

"நான் துன்னல" என்றேன்.

"என்னம்மா?"

"மாத்திர. இருவது நாளா துன்னல. கன்னத்துல ஒதுக்கி வச்சி துப்பிட்டேன். இவ தெனம் குடுத்தா. இவளுக்குத் தெரியாது."

டாக்டரம்மா பேப்பரை என் மடியிலிருந்து எடுத்து நாலாக மடித்தார்.

"எதுக்குமா?"

"மூஞ்சி வத்தணும்னு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே போய் சிஸ்டரிடம், அந்த ஊசி வேண்டாம், ஸ்டீராய்டை நரம்பு வழியாகவே உடனே ஆரம்பிக்கச் சொன்னார். திரும்பி வந்து, "இன்னிக்கி சாயங்காலம் சொல்லியிருந்தீங்கன்னா அந்த ஊசி உள்ள போயிருக்கும்" என்றார்.

சேகர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதான். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்றால் எனக்குத் தெரியும், அது கோபம் இல்லை. ஒரு ஆளை அடையாளம் தெரியாமல் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். கட்டில் பக்கத்தில் வைத்தாள். போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். அந்த இருபது நாளில் செத்த தசை இனி முளைக்காதாம், தழும்பாகத்தான் நிற்குமாம். இப்போது முப்பது. அதற்கு மேல் ஏறும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குளிக்க உட்கார்ந்தால் நடுவில் இரண்டு தடவை ஓய்வெடுக்க வேண்டும். மாடிக்குப் போவது இல்லை. முகம் திரும்பவும் ஊதிவிட்டது. இருக்கட்டும்.

சேகர் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டான், எனக்குக் கேட்கும்படியே கேட்டான். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு நாள், "செல்வி, நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பித்தேன். "மாத்திர டைமு" என்றாள். ஆஸ்பத்திரியில் நான் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அவள் என்னை அத்தை என்று கூப்பிடவில்லை. சோறு போடுகிறாள், தலை வாருகிறாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். கூப்பிடுவதில்லை.

காலையில் மாத்திரையைக் கொடுத்து, நான் முழுங்கினதும், "வாயத் தொற" என்பாள். திறப்பேன். "நாக்கத் தூக்கு." தூக்குவேன். விரலை விட்டுக் கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் போன் வெளிச்சத்தில் பார்ப்பாள். என் ஆயுசில் யாருக்கும் நான் அப்படி வாயைத் திறந்து காட்டியதில்லை. அவள் அவசரப்படமாட்டாள். கடைவாய் வரைக்கும் பார்த்துவிட்டு, "சரி" என்பாள்.

நாள் முழுக்க அவளாக என்னிடம் சொல்வதில் கட்டளை இல்லாத வார்த்தை அது ஒன்றுதான். அதைக் கேட்க நான் அவள் எழுவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.